இடது காதில் வந்த குரல்

அத்தியாயம் பதினாறு

றங்குப்பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி, அலுமாரியை நகர்த்தி, கோழிக்கூட்டுக்குள்ளும் கை விட்டுப் பார்த்தாயிற்று. காணி அனுமதிப்பத்திரம், ஊர்வாயில் ‘பேமிற்’, கிடைக்கவில்லை. போன வாரம் காமிலின் மனைவி பாத்தும்மா நிலத்தில் குந்தியிருந்து அழுத இடத்தில்தான் நாமும் அவளை விட்டுவிட்டு வந்தோம்.

இந்த வாரம் அழுவதற்கு நேரமில்லை. இன்று புதன்கிழமை. காணி விசாரணை பின்னேரம் இரண்டு மணிக்கு.

மறிச்சுக்கட்டியில் றோட்டு வளைவோடு கிடக்கிற அந்த இரண்டு ஏக்கர், காமிலின் வாப்பாவுக்கு அரசாங்கம் கொடுத்த காணி. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஊரே புத்தளத்துக்குப் போய், இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது காணி காடாகிக் கிடந்தது. அதை வெட்டித் துப்புரவாக்கக் கூட நின்று உதவியவர் நௌஷாட்டின் வாப்பா. நல்ல மனிதர், மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். மகன் நௌஷாட்டோ, “காமில் நானா இந்தக் காணியை எங்கட வாப்பாவுக்கே விட்டுத் தந்திட்டார்” என்று மனுப் போட்டிருக்கிறான்.

ஆறு வாரத்துக்கு முன் நடந்த முதல் விசாரணையில், காணி உத்தியோகத்தர் டிலோஜினி இதைத்தான் காமிலிடம் கேட்டாள். விட்டுக் கொடுத்தீர்களா?

காமில் தலையை ஆட்டி, “ஓம்” என்றார்.

கேள்வி அவர் காதில் விழவே இல்லை. அதுதான் விஷயம்.

முப்பது வருடம் சங்கும் கடலட்டையும் எடுக்கக் கடலடிக்குப் போனவர் காமில். வலது காது முதலில் போனது. நாலு வருடத்துக்கு முன் இடது காதிலும் முக்கால்வாசி போனது. காது போனவனை எந்தப் படகும் ஏற்றாது என்று அதை வெளியே சொல்லாமல் மறைத்தார். எதிரில் நிற்பவரின் வாயைப் பார்ப்பார். வாய் ஓய்ந்ததும் “ஓம்” என்பார். தேத்தண்ணிக் கடையிலும் கல்யாண வீட்டிலும் அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. படகு விட்டு இரண்டு வருடமாகியும் பழக்கம் விடவில்லை. செவிடன் என்று ஒருவன் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

அந்த ‘ஓம்’ இப்போது காணியைத் தின்னப் பார்க்கிறது.

விடமாட்டேன் என்று நின்றவள் மகள் பஹ்மிதா. சிலாவத்துறையில் போன் திருத்துகிற கடையில் வேலை செய்கிறாள். வாப்பாவைக் கேட்காமலே மேன்முறையீடு எழுதி, பிரதேச செயலகக் கந்தோருக்கு மூன்று தரம் நடந்து, மறுவிசாரணை வாங்கியவள். ஒரே ஒரு தரம்தான் தருவார்களாம். உரித்தாளரே தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். மகள் பக்கத்தில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது.

காலை ஏழு மணிக்கே அவள் காமிலைக் கதிரையில் இருத்திவிட்டாள். கையில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. அதற்குள் புளூடூத் பட்ஸ் இரண்டு. அண்ணன் பவ்ஸான் பாட்டுக் கேட்க வாங்கி வைத்திருந்தது. “வாப்பாக்குத்தானே, எடு” என்று போன வாரம் ஒரு பேச்சும் இல்லாமல் தந்துவிட்டான்.

இடது பட்ஸை வாப்பாவின் காதுக்குள் பொருத்தினாள். தன் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாள். போனைக் கிட்டப் பிடித்து, வழக்கமான கத்தல் இல்லாமல், மெல்லச் சொன்னாள்.

“வாப்பா, தேத்தண்ணி ஆறுது.”

காமில் திடுக்கிட்டுப் பக்கத்தைப் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை. கிணற்றடியில் மகள் சிரித்துக்கொண்டு நின்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் மெல்லப் பேசினால் இப்படி இருக்கும் என்பதையே அவர் மறந்து போயிருந்தார்.

“கயிறுமில்ல, வயருமில்ல. இது எப்பிடி வருது?”

“போன்ல இருக்கிற மைக் சத்தத்தைப் பிடிக்குது. பிடிச்சதைப் பெருசாக்கி இதுக்கு அனுப்புது. ரெண்டுக்கும் நடுவில சின்னதா ஒரு அலை. ரவர் வேணாம், சிக்னல் வேணாம். கிட்ட நிண்டாப் போதும்.”

“எவ்வளவு கிட்ட?”

“நடந்து பாருங்கோ.”

காமில் எழுந்து வேலிப் பக்கம் நடந்தார். பதின்மூன்று எட்டு வரை சத்தம் தெளிவாக வந்தது. பதினாலாவது எட்டில் கொறகொறத்தது. பதினாறில் அறுந்தது. அவருக்கு அந்தக் கணக்குப் பிடித்துக்கொண்டது. கடலுக்குள் இறங்குகிறவனுக்கும் கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவுதானே உலகம். கடைசி எட்டு வருடம் அந்தக் கயிற்றின் மறுமுனையைப் படகில் பிடித்திருந்தவன் பவ்ஸான். ஒரு இழுப்பு என்றால் ‘இருக்கிறேன்’. இரண்டு இழுப்பு என்றால் ‘தூக்கு’. ஒரு நாளும் அவன் பிந்தியதில்லை.

பஹ்மிதா வேண்டுமென்றே போனைக் குசினிக்குள் வைத்துவிட்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் காமிலின் முகம் மாறியது.

“பாத்தும்மா!” என்று கத்தினார். “நாலு வருசமா என்னை இப்பிடியா ஏசிக்கொண்டு திரியிறாய்?”

குசினிக்குள் சட்டி ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. வீட்டில் அன்று சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

சிரித்து முடித்ததும் பஹ்மிதாவுக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. இந்த பட்ஸ் ஒரு தரம் சோடி சேர்ந்த போனை மறக்காது. கிட்ட வந்தால் தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும். ஒரே நேரத்தில் இரண்டு போனோடும் ஒட்டி நிற்கக்கூடியது வேறு. மற்றப் போனுக்கு ஒரு அழைப்பு வந்தால் இதை விட்டுவிட்டு அதன் சத்தத்தைத்தான் காதுக்குத் தரும். பவ்ஸானின் போனில் ‘மறந்துவிடு’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அமர்த்திப் பழைய சோடியை அழிக்க வேண்டும்.

அவன் இரண்டு நாளாக வீட்டுக்கு வரவில்லை. சிலாவத்துறையில் கூட்டாளி வீட்டில் நிற்கிறானாம். சிக்னல் பிடிக்கக் கிணற்றுக் கட்டில் ஏறி நின்று அவனுக்குக் கோல் எடுத்தாள்.

“நானா, பட்ஸை உங்கட போன்ல இருந்து அழிச்சிட்டீங்களா?”

“ஓம் ஓம்.”

“வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ. இண்டைக்கு நடுவில எதுவும் குழம்பக் கூடாது.”

“ஓம் எண்டுறன்! நான் ரெண்டரைக்குக் கந்தோருக்கு வாறன்.”

கடைக்கு வருகிற ஆயிரம் போனையும் சந்தேகப்படுகிற பஹ்மிதா, வீட்டில் நானாவின் வாயை நம்பினாள். பெட்டியின் பட்டனைப் பத்து வினாடி அமர்த்திப் பிடித்திருந்தால் பழைய சோடி எல்லாம் போயிருக்கும். பிடித்திருக்கலாம். பஸ் கோர்ன் கேட்டது, ஓடினார்கள்.

வாப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே நோய் என்பதை அவள் யோசிக்கவில்லை. இரண்டு பேருமே கேட்காமல் ‘ஓம்’ சொல்கிறவர்கள். ஒருவருக்குக் கேட்பதில்லை. மற்றவன் கேட்டுக்கொள்வதில்லை.

கந்தோர் வாசலில் காமில் மப்ளரை எடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டினார். முசலி வெயிலில், உச்சிப்பொழுதில், மப்ளர்.

“வாப்பா, இது என்ன கோலம்?”

“காதில கிடக்கிறது தெரியக் கூடாது. சளி, தடிமன் எண்டு சொல்லுவன்.”

“தெரிஞ்சா என்ன?”

“தெரியக் கூடாது எண்டா தெரியக் கூடாது.”

பஹ்மிதா வாயை மூடிக்கொண்டாள். காணி கிடைத்தால் போதும், மப்ளரோடு பிறகு சண்டை பிடிக்கலாம்.

விசாரணை அறை சின்னது. நடுவில் மேசை, அதற்கு அந்தப் பக்கம் டிலோஜினி, இந்தப் பக்கம் இரண்டு கதிரை. ஒன்றில் காமில். மற்றதில் நௌஷாட், தேய்த்த சேட்டும் அத்தர் வாசமுமாக. சுவரோடு போட்டிருந்த வாங்கில் பஹ்மிதா. பின்னால் கம்பி போட்ட ஜன்னல், அதற்கு வெளியே விறாந்தை.

“மிஸ், காணிக் கிணத்தின்ட படங்கள் இதுக்குள்ள இருக்கு. பாக்க வசதியா இருக்கட்டும்” என்று சொல்லிப் போனை டிலோஜினியின் கோப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

இரண்டரை தாண்டித்தான் விசாரணை தொடங்கியது. முதல் இருபது நிமிடம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பெயர் கேட்டாள், சொன்னார். காணியின் எல்லை கேட்டாள், நாலு பக்கமும் சொன்னார். புத்தளத்தில் இருந்து எந்த ஆண்டு வந்தீர்கள் என்றாள், மாதத்தோடு சொன்னார். நௌஷாட் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். இந்த மனிதர் இவ்வளவு பேசி அவன் கண்டதில்லை.

பஹ்மிதா வாங்கின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். இன்னும் ஒரு கேள்விதான். அந்தக் கேள்வி.

விறாந்தையில் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. பவ்ஸான்.

டிலோஜினி பேனையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “ஐயா, இதை வடிவாக் கேட்டுப் பதில் சொல்லுங்கோ.”

அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் காமிலுக்கு வரவில்லை. காதுக்குள் ‘டிங்’ என்று ஒரு சத்தம். பிறகு ஒரு ஆணின் குரல்.

“மச்சான் பவ்ஸான், வந்து சேந்திட்டியா?”

நௌஷாட்டின் தம்பி றிஸ்லான். அந்த மூக்கால் பேசுகிற குரலைக் காமில் அவனுடைய சின்ன வயதில் இருந்தே அறிவார்.

“என்ன, சத்தத்தைக் காணேல்ல? பக்கத்தில ஆள் நிக்குதா? சரி, நீ கதைக்காத, நான் சொல்றதைக் கேளு. உங்கட வாப்பா போன முறை மாதிரி எல்லாத்துக்கும் ஓம் எண்டிட்டு வந்திடுவார். யோசிக்காத. அந்தப் பேமிற் கடதாசி உன்ட சேட்டுக்குள்ளதானே? நான் சந்தியில வேனோட நிக்கிறன். கொண்டு வந்து தா. தந்தா, உன்ட மனுசி ஷிஹானாக்குப் புத்தளத்தில பாத்த அந்த வளவுத் துண்டை நௌஷாட் நானா நாளைக்கே காட்டுவார். யானை வாற காட்டுக்குள்ள அவளும் பிள்ளைகளும் ஏன் வந்து கிடக்கோணும், சொல்லு?”

ஜன்னலுக்கு வெளியே பவ்ஸான் போனைக் காதில் அழுத்தி வைத்துக்கொண்டு, “ஹலோ... ஹலோ... றிஸ்லான், கதையன்! ஒண்டும் கேக்குதில்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பஹ்மிதாவுக்கு அது கேட்டது. வாப்பாவைப் பார்த்தாள். வாப்பா டிலோஜினியின் வாயைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்ஸ் கையை விட்டுப் போய்விட்டது. உலகத்தில் அதற்குத் தெரிந்த போன் இன்னும் ஒன்றே ஒன்றுதான். அது ஜன்னலுக்கு வெளியே, ஏழே எட்டு வைக்கிற தூரத்தில் நிற்கிறது.

நானா அழிக்கவில்லை.

எழுந்து கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினால் விசாரணை முடிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அவளுடைய வாழ்க்கையில் அவ்வளவு நீண்ட அரை நிமிடம் வேறு இல்லை.

டிலோஜினியின் வாய் ஓய்ந்தது. எல்லாரும் காமிலைப் பார்த்தார்கள். நௌஷாட் அவர் பக்கம் சரிந்து, முகம் நிறையச் சிரித்து, தலையை மேலும் கீழும் ஆட்டினான். சொல்லுங்கோ நானா என்கிற ஆட்டல்.

நாலு வருடப் பழக்கம் சும்மா போகுமா? ‘ஓம்’ அவருடைய நாக்கில் வந்து நின்றது. காதுக்குள் றிஸ்லான் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். எல்லாத்துக்கும் ஓம் எண்டுவார். ஊர் தன்னை எப்படி அறிந்து வைத்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. செவிடன் என்று யாரும் சொல்லக் கூடாது என்று மறைத்து மறைத்து, கடைசியில் மற்றவர்கள் வைத்து விலை பேசுகிற ஆளாக வந்து உட்கார்ந்திருக்கிறார். பெற்ற மகனும் அந்த ‘ஓமை’ நம்பித்தான் கடதாசியை எடுத்திருக்கிறான்.

காமில் நாக்கில் இருந்ததை விழுங்கினார்.

“எனக்குக் கேக்கேல்ல” என்றார்.

நௌஷாட்டின் தலையாட்டல் பாதியில் நின்றது.

“நீங்கள் கேட்டது எனக்குக் கேக்கேல்ல மிஸ். அண்டைக்கும் கேக்கேல்ல. எனக்குக் காது இல்லை.”

வெளியே பவ்ஸான் அலுத்துப் போய் அழைப்பை வெட்டினான். அடுத்த கணம் காமிலின் காதுக்குள் அறை திரும்பி வந்தது. மின்விசிறியின் சத்தம், கடதாசி புரளும் சத்தம், நௌஷாட்டின் குரல்.

“மிஸ், இது நடிப்பு! இவ்வளவு நேரமும் கேட்டுப் பதில் சொன்னவர்தானே? இந்தக் கேள்விக்கு மட்டும் காது போயிட்டுதா?”

காமில் எழுந்து நின்றார். மப்ளரைக் கழற்றி மேசையில் போட்டார். இடது காதைத் திருப்பிக் காட்டினார்.

“இது கிடந்தாக் கேக்கும். இல்லாட்டி இல்லை. இப்ப நடுவில கொஞ்சம் அறுந்து போச்சு. என்ட மகள் வாங்கில இருக்கிறா, மேசையில கிடக்கிறது அவட போன். நீங்கள் கதைக்கிறதை அது பிடிச்சு எனக்குத் தருது.” மூச்சு வாங்கியது. “ஒளிச்சு வச்சது என்ட பிழை. எழுதுங்கோ மிஸ். செவிடன் எண்டு வடிவா எழுதுங்கோ.”

பஹ்மிதாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவள் துடைக்கவும் இல்லை.

டிலோஜினி சின்ன வயதுக்காரிதான். ஆனால் லேசில் நம்புகிற ஆள் இல்லை. போனை எடுத்துக்கொண்டு கதவு மூலைக்குப் போனாள். அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, போனுக்குள் என்னவோ முணுமுணுத்தாள். நௌஷாட்டுக்குக் கேட்கவில்லை. பஹ்மிதாவுக்கும் கேட்கவில்லை.

“நாவல்” என்றார் காமில். “கிணத்தடியில நிக்கிறது ரெண்டு நாவல். ஒண்டு இடி விழுந்து ஒரு பக்கம் கருகினது. இப்பவும் காய்க்கும்.”

டிலோஜினி திரும்பி வந்து, பஹ்மிதா கொண்டுவந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு கதிரையில் இருந்து, பழைய கோப்பை விரித்து, ஒரு வரியைக் குறுக்கே வெட்டினாள். பக்கத்தில் திகதி போட்டுக் கையெழுத்து வைத்தாள்.

“இப்ப திருப்பிக் கேக்கிறன் ஐயா. அந்தக் காணியை நௌஷாட்டின்ர தகப்பனாருக்கு விட்டுக் குடுத்தனீங்களா?”

“இல்லை.”

“சரி. முதல் சொன்ன பதில் இனிச் செல்லாது. ஆனா ஐயா, உங்கட வாய்ச்சொல்லும் அவற்ற வாய்ச்சொல்லும் எனக்கு ஒண்டுதான். பேமிற் வேணும். நாலு மணிக்குக் கோப்பை மூடி மேல அனுப்புறன்.”

சுவர்மணிக்கூட்டில் மூன்று பத்து. நௌஷாட் கதிரையில் சாய்ந்து கால்மேல் கால் போட்டான். பேமிற் எங்கே என்று அவனுக்குத் தெரியும்.

“கொண்டாறன்” என்றார் காமில்.

கோழிக்கூடு வரைக்கும் தேடியும் கிடைக்காததை வாப்பா எங்கே இருந்து கொண்டுவரப் போகிறார்? பஹ்மிதா போனை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

பவ்ஸான் விறாந்தைத் தூணோடு சாய்ந்து நின்றான். இரண்டு நாள் நித்திரை இல்லாத முகம். வாப்பாவைக் கண்டதும் நிமிர்ந்தான். அவர் அவனைத் தாண்டி, சந்திப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே மருத மர நிழலில் ஒரு வேன் நின்றது.

“முடிஞ்சுதா?” என்று தங்கச்சியிடம் கேட்டான். “என்ட போனுக்கு என்னவோ பிழை. கோல் ஒண்டு வந்தது, ஒரு சத்தமும் இல்லை. ஒருக்காப் பார்.”

நீட்டினான். பஹ்மிதா வாங்கிப் பார்த்தாள். கடைசி அழைப்பு றிஸ்லான். ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. மேலே மூலையில் புளூடூத் அடையாளம் இன்னும் விழித்துக்கொண்டிருந்தது. நௌஷாட்டின் தம்பிக்கும் நானாவுக்கும் இன்றைக்கு என்ன பேச்சு? வாப்பா சொன்ன ‘கொண்டாறன்’ அவளுக்கு அப்போது விளங்கியது.

“போனுக்குப் பிழை இல்லை நானா” என்றாள். “சத்தம் வந்தது. உங்களுக்கு வரேல்ல. வாப்பாட காதுக்கு வந்தது.”

பவ்ஸானுக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. காலையில் தான் அமர்த்தாத பட்டன் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கை தானாகவே சேட்டுப் பொக்கற்றுக்குப் போய் நின்றது.

“வாப்பா...” என்றான். “எல்லாம்... கேட்டதா?”

காமில் சந்தியில் இருந்து பார்வையை எடுத்து மகனைப் பார்த்தார்.

“ஓம்.”

ஊருக்கு இதுவரை கொடுத்த ‘ஓம்’ அல்ல அது. கேட்டுவிட்டுச் சொன்ன ‘ஓம்’. பவ்ஸானால் அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

அவர் ஏசவில்லை. கை ஓங்கவும் இல்லை. மகனுடைய இடது மணிக்கட்டைப் பிடித்தார். கடலடியில் இருந்து கயிற்றை இழுப்பது போல, ஒரு தரம் இழுத்தார். நிறுத்தினார். இரண்டாம் தரமும் இழுத்தார்.

தூக்கு.

அவனுக்கு அது மறக்காது. எட்டு வருடத்தில் ஒரு தரமும் பிந்தாதவன் அவன்.

சந்தியில் வேன் கோர்ன் அடித்தது. ஒரு தரம், பொறுமை இல்லாமல் இன்னொரு தரம். உள்ளே சுவர்மணிக்கூடு மூன்றேகால் ஆகியிருந்தது. பவ்ஸான் அழுதுகொண்டிருந்தான். அவனுடைய வலது கை இன்னும் பொக்கற்றுக்குள்ளேயே இருந்தது.